தொரைக்கு ஒரு மணித்தியாலம்

கணினித் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி முளைத்திருந்தது. அதற்குள் ‘கணக்கப்பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்கிறது’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் 10m என்று தொடங்கிய எண் இறங்கிக்கொண்டிருந்தது. கல்லுமலைத் தோட்டக் காரியாலயத்தின் ஒரே கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வினோதா, அந்தப் பெட்டியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜன்னலில் மலை இல்லை. நாட்கணக்காக விடாமல் பெய்த மழை, மலையைத் துடைத்தெறிந்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சுவரை எழுப்பியிருந்தது.

எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டிவிட்டதென்று முகட்டில் நட்டிருந்த மழைமானி சொல்லியாயிற்று. சாயத் தொடங்கிவிட்டேனென்று மண்ணுக்குள் இறக்கியிருந்த கம்பியும் சொல்லியாயிற்று. இனிச் சைரன் ஊத வேண்டும். ஊதவில்லை. அது கணக்கப்பிள்ளைக்காகக் காத்திருந்தது. அவர் நேரம் முடிந்தால் கண்டாக்கையாவுக்காகக் காத்திருக்கும். பிறகு சின்னத்தொரைக்காக. எல்லோருக்கும் கடைசியில் தோட்ட மனேஜரான பெரிய தொரைக்காக.

அந்த மலையின் அடிவாரத்தில்தான் கீழ்க்கணக்குப் பிரிவின் லயங்கள், தொழிலாளரின் வரிசை வீடுகள், இருந்தன. லயங்களுக்குத் தலைமாட்டில் பிள்ளைக் காம்பரா. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். வினோதாவின் மகள் பூரணி, மூன்று வயது, காலையில் மூக்கொழுகிக்கொண்டே அங்கேதான் போயிருந்தாள்.

ஒரு சைரன் எதற்காகப் பதவி வரிசைப்படி ஊத வேண்டும் என்று கேட்பவர்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்களாக இருக்க முடியாது.

அந்தச் சைரனை யாரோ வெளிநாட்டுப் புண்ணியவான்கள் கொடுத்தார்கள். பூட்டியது ஹட்டனில் ஃபோன் கடையும் கேமரா வேலையும் வைத்திருக்கும் இர்ஷாத். டயகமவுக்கு மேலே ஜீப்பே மூச்சுவாங்கும் பாதையில் பெட்டி பெட்டியாகச் சுமந்து வந்து பூட்டினான். காரியாலயக் கணினியில் அமைப்புக் கோப்பைத் திறந்து வினோதாவுக்கு எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான்.

“எஸ்னா செக்கன். எம்னா நிமிசம். எச்னா மணித்தியாலம். டீன்னா நாள், டபிள்யூன்னா கிழமை. எம்மும் எஸ்ஸும் சேந்து வந்தா மில்லிசெக்கன், கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள நூத்துக்கணக்கா ஓடிரும். எண்ணு மட்டும் போட்டா பெட்டி ஏத்துக்காது. எழுத்தும் வேணும்.”

“இது என்ன, சைரனுக்கு நேரா சைபர் எஸ்?”

“கோட்டத் தாண்டினா உடனே ஊதணும்னு அர்த்தம். மத்தது எதையாச்சும் மாத்துங்க வினோதாக்கா. இத மட்டும் தொடாதீங்க.”

திறப்பு விழாவன்றே தொட வேண்டி வந்துவிட்டது. புதிதாக எது வந்தாலும் அபிஷேகம் செய்வது கல்லுமலை வழக்கம். லொறிக்குச் செய்திருக்கிறார்கள், கொழுந்து நிறுக்கும் தராசுக்குச் செய்திருக்கிறார்கள். மழைமானிக்கு மட்டும் என்ன குறை? பார்ப்பதற்கும் வாய் அகன்ற செம்பு மாதிரி, ஊற்றுவதற்கென்றே செய்தது போலத்தான் இருந்தது. பூசாரி மந்திரம் சொல்லிக் கும்பத் தண்ணீர் ஒரு குடமும் பால் அரைக் குடமும் அதன் தலையில் கவிழ்த்தார். தோட்டம் தோன்றிய நாள் முதல் பெய்யாத மழை ஒரே மூச்சில் பெய்துவிட்டதாக மானி எண்ணிக்கொண்டது. அதில் அதற்கு எந்தக் குற்றமும் இல்லை.

அந்த நேரம் கொழும்பிலிருந்து வந்திருந்த பிரமுகர், மலையக மக்களின் கண்ணீரைத் துடைக்காமல் தான் ஓயப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சைரன் அவர் தலைக்கு மேலேயே அலறியது. பேச்சைப் பாதியில் விட்டு அவர் ஓடிய ஓட்டத்தில் மாலை ஒரு பக்கம் போயிற்று, சப்பாத்து ஒரு பக்கம் போயிற்று, அவர் தண்ணீர்க் கானுக்குள் போனார். மக்கள் ஓடவில்லை. அவர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படியொரு காட்சி அவர்களுக்கு இலவசமாக எப்போதும் கிடைத்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை காரியாலயத்தில் கூட்டம். பெரிய தொரைக்கு முகம் இன்னும் சிவந்துதான் இருந்தது.

“எனக்குத் தெரியாம என் தோட்டத்துல ஒரு மெசின் எப்படிச் சத்தம் போடலாம்?”

வினோதா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். ஆகவே ஒழுங்கு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. மானி சொல்வது முதலில் கணக்கப்பிள்ளையின் ஃபோனுக்குப் போகும். அவர் ‘சரி’ என்று அமுக்கினால் உடனே மேலே ஏறும். அமுக்காவிட்டால் அவருக்குரிய நேரம் முடியும்வரை காத்திருந்து ஏறும். கணக்கப்பிள்ளைக்குப் பத்து நிமிசம் என்றதும், அவருக்கு மேலான கண்டாக்கையா தனக்கு இருபது என்றார். சின்னத்தொரை முப்பது என்றார். பெரிய தொரை எழுந்து வந்து வினோதாவின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

“எல்லாருக்கும் எம் போட்டிருக்கு. எனக்கும் எம்மா?”

“நிமிசத்துக்கு எம்தாங்க சேர்.”

“எம்முக்கு மேல என்ன இருக்கு?”

“எச் இருக்கு சேர். மணித்தியாலம்.”

“எனக்கு அத போடுங்க.”

“அறுவது எம் போட்டாலும் அதே கணக்குதாங்க சேர்.”

“அதே கணக்கு இல்ல” என்றார் தொரை. தோட்டத்து நிர்வாகம் முழுவதும் அந்த மூன்று சொல்லில் அடங்கியிருந்தது.

வினோதா 1h என்று தட்டினாள். விசயத்தைக் கேள்விப்பட்ட இர்ஷாத் நான்கு எண்களையும் ஃபோனில் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு, “அக்கா, இதெல்லாம் மண்ணுக்குத் தெரியுமா?” என்றான். அந்தக் கோப்பில் லயத்துக்காரர்களுக்கு ஒரு வரியும் இல்லை. மில்லிசெக்கன் கூட ஒதுக்கப்படவில்லை.

இப்போது, மழைக்குள், அந்த ஒழுங்கு தன் வேலையைப் பிசகில்லாமல் செய்துகொண்டிருந்தது.

வினோதா கணக்கப்பிள்ளை ஜீவராஜுக்கு ஃபோன் அடித்தாள்.

“ஐயா, ஒங்க ஃபோனுக்கு மெசேஜ் வந்திருக்கும். சரின்னு அமுக்குங்க. மேல கம்பி சாயுது.”

“பாத்தேம்மா. கண்டாக்கையா என்ன சொல்றாரு?”

“அவருக்கு இன்னும் போகல. நீங்க அமுக்கினாத்தான் போகும்.”

“அவருக்கே தெரியாத ஒண்ண நான் எப்படிம்மா சரின்னு சொல்றது? நாளைக்குக் காலைப் பெரட்டுல எல்லாருக்கும் முன்னாடி நிக்க வச்சுக் கேப்பாரு.”

“ஐயா, கீழ பிள்ளைங்க இருக்கு.”

“பத்து நிமிசம்தானே. தானா ஏறிடும். நான் அமுக்குன மாதிரியும் இருக்காது.”

அடுத்து கண்டாக்கையா யோகேஸ்வரன். தேயிலை ஆலையான இஸ்டோரில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பை சாசரில் உட்காரும் சத்தம் கேட்டது.

“எனக்கு இன்னும் ஒண்ணும் வரலையே” என்றார். வராததைப் பற்றிப் பேசுவது முறையல்ல என்பது அவர் குரலில் தெரிந்தது.

“வரும் ஐயா. வந்ததும் அமுக்குங்க. இல்ல, இப்பவே லயத்துக்கு ஆள் அனுப்புங்க.”

“மழைக்கு எல்லாரையும் வெளிய எடுத்துப்புட்டு, ஒண்ணும் நடக்கலன்னா யாரு பதில் சொல்றது? நீயா? போன தடவ அந்த ஆளு கானுக்குள்ள விழுந்ததுக்கு இன்னும் எனக்குத்தான் கடுதாசி வருது. சின்னத்தொரையக் கேளு.”

சின்னத்தொரை நல்ல மாதிரி. படித்தவர். பணிவாகவே சொன்னார். “வினோதா, நான் சொல்லிடலாம். ஆனா பெரியவரு நுவரெலியாவுல இருக்காரு. இடர் முகாமைத்துவக் கருத்தரங்கு. நம்ம சைரனப் பத்தித்தான் பேசுறாரு. ஃபோன நிப்பாட்டி வச்சிருப்பாரு. அவரு அங்க பேசிக்கிட்டிருக்கிறப்ப இங்க நாம ஊதி வச்சா நல்லா இருக்குமா?”

வினோதா ஃபோனை வைத்தாள். கோப்பைத் திறந்தாள். 10m, 20m, 30m, 1h நான்கையும் அழித்து நான்கிலும் 0s என்று அடித்துச் சேமித்தாள். வேலை போவதென்றால் போகட்டும். சிவப்புப் பெட்டி அசையவில்லை. கணக்கப்பிள்ளையின் நேரம் முடிந்து, ‘கண்டாக்கையாவின் பதிலுக்குக் காத்திருக்கிறது’ என்று மாறியது.

இர்ஷாத்துக்கு அடித்தபோது அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

“மாத்திட்டேன். எல்லாத்தையும் சைபர் எஸ் ஆக்கிட்டேன். ஊத மாட்டேங்குது.”

“அக்கா, நீங்க மாத்துனது ஒங்க கணினியிலதான் இருக்கு. முகட்டுப் பெட்டி வந்து கேட்டாத்தான் அதுக்குத் தெரியும். வெயில் இல்லாம பேட்டரி இறங்குதுன்னு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா கேக்கிற மாதிரி வச்சிருந்தேன். காலையில கேட்டிருக்கும். இனிப் பகலுக்குத்தான் கேக்கும்.”

“கையால ஊத வைக்க ஏலாதா?”

“முகட்டுக்குப் போய்ப் பெட்டியத் தொறக்கணும். தொறப்பு கண்டாக்கையா இடுப்புச் சாவிக்கொத்துல. நீங்க மேல போகாதீங்க. கீழ ஓடுங்க அக்கா.”

குடை ஒரு வளைவுகூட நிற்கவில்லை. வினோதா அதை எறிந்துவிட்டுத் தேயிலைக்குள்ளே குறுக்கே விழுந்து ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. மற்றதையும் அங்கேயே விட்டாள். தேயிலை வாது கிழித்து முழங்காலில் இரத்தம் வந்தது, மழை அதை உடனுக்குடன் கழுவிக்கொண்டு போயிற்று. வாயில் என்ன வருகிறதென்று தெரியாமல் எதையோ சொல்லிக்கொண்டு ஓடினாள். பாதிவழியில்தான் தெரிந்தது, அது சாமி பெயர் இல்லை. எஸ், எம், எச், டீ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லயத்துக்கு மேலே இருக்கும் பீலியடியில் நின்றுவிட்டாள். வருசம் முழுவதும் ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலி, கோடையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் குடத்தோடு வரும் பீலி, வறண்டு கிடந்தது. இந்த மழையில் ஒரு சொட்டு இல்லை. பிறகு அடைத்த தொண்டை மாதிரி ஒரு சத்தம் வந்து, களிமண்ணாக ஒரு கவளத்தைத் துப்பிவிட்டு மறுபடி நின்றது. மலை தண்ணீரை வெளியே விடாமல் உள்ளுக்குள்ளே குடித்துக்கொண்டிருந்தது.

பிள்ளைக் காம்பராவில் சண்முகவடிவு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பதினொரு பிள்ளைகள். பூரணி ஒரு கரண்டியை வைத்துத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். வினோதா அவளை வாரி இடுப்பில் ஏற்றினாள். பிள்ளை ஈரத்துக்கு நெளிந்து அழுதது.

“அக்கா, பிள்ளைங்கள எல்லாம் எடுங்க. பள்ளிக்கூடத்துக்குப் போகணும். மேல மண்ணு எறங்குது.”

சண்முகவடிவு கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “சைரன் ஊதலையே.”

“ஊதாது அக்கா. வாங்க.”

“துண்டு கொண்டாந்திருக்கியா?”

“என்ன துண்டு?”

“கண்டாக்கையா எழுதிக் குடுக்கிற துண்டு. போன மாசம் ஒரு பிள்ளைய நேரத்தோட அனுப்புனதுக்கு எனக்கு எச்சரிக்கைக் கடுதாசி குடுத்தாங்க. இன்னொண்ணு வந்தா வேல போயிடும். நீ ஒபிஸ்லதான இருக்க. அந்தக் கடுதாசிய டைப் அடிச்சதே நீதான.”

அது உண்மை. வினோதா இடுப்பில் இருந்த மகளின் சூட்டை உணர்ந்தாள். இப்படியே திரும்பி ஓடினால் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏறிவிடலாம். அவளுடையது அவள் கையில் இருக்கிறது. கால் ஒன்று வாசல் பக்கம் திரும்பியும்விட்டது. ஒரு பயல் கஞ்சி வாயோடு அவளைப் பார்த்துச் சிரித்தான். யார் வீட்டுப் பிள்ளையென்று கூடத் தெரியவில்லை.

“பெரிய தொரை ஓடர்” என்றாள்.

சண்முகவடிவு எழுந்துவிட்டாள். கஞ்சிக் கோப்பை உருண்டது. “அத மொதல்லயே சொல்ல மாட்டியா புள்ள” என்று சொல்லிக்கொண்டே இரண்டு கைக்குழந்தைகளைச் சேலையில் கட்டி, இரண்டு பேரைக் கையில் பிடித்து, மற்றவர்களை ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கச் செய்து கதவைக் கடந்துவிட்டாள். வினோதா எஞ்சியதில் ஒன்றை மற்ற இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். லயத்து வாசல்கள் வழியாகப் போகும்போது அதே மூன்று சொல்லைக் கத்திக்கொண்டே போனாள். பெரிய தொரை ஓடர். காய்ச்சலில் படுத்திருந்தவள் எழுந்தாள். பின்னேர வேலைக்காரன் பாயைச் சுருட்டினான். கதவுகள் திறந்தன. வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய சைரனுக்கு இரண்டு மணித்தியாலம் தேவைப்பட்ட காரியத்தை, அந்தச் சொல் கடைசிக் காம்பரா வரைக்கும் மில்லிசெக்கனில் முடித்தது.

கடைசிக் காம்பராவில் மட்டும் தடைப்பட்டது. அங்கே செல்லசாமி இருந்தார். வேலையிலிருந்து நின்று பல வருசமான ஆள். கதவுநிலையில் சாய்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“தாத்தா, வாங்க. தொரை ஓடர்.”

“தொரைக்கு நான் யாரு? என் பேரு சம்பளச் செக்ரோல்ல இல்ல. நாப்பது வருசம் ஓடர் கேட்டேன். நின்னதுக்கு அப்புறம் கெடைச்ச ஒரே சொகம் இது ஒண்ணுதான். அதையும் புடுங்கிக்காத.”

“தாத்தா, காலப் புடிக்கிறேன்.”

“தொரைய வந்து புடிக்கச் சொல்லு.”

இடுப்பில் இரண்டு பிள்ளைகளோடு அவள் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். “ஓடரே இல்ல தாத்தா. தொரைக்குத் தெரியவே தெரியாது. நான்தான் பொய் சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போறேன். மலை வருது.”

செல்லசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “அட சண்டாளி. தொரை பேர்ல பொய்யா? அப்படின்னா வாரேன்.” கதவைக் கூடச் சாத்தாமல் கிளம்பிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். அவ்வளவு பெரிய சந்தோசத்தை அந்த மனிதரால் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. பாதையில் ஏறிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தட்டினார். “கேட்டீங்களா, ஓடரே இல்லையாம். இந்தப் புள்ள தொரையவே வித்துருச்சு.”

கூட்டம் நின்றது. மழையில், சரிவில், மூட்டையும் பிள்ளையுமாக அப்படியே நின்றது.

“ஓடர் இல்லையா?”

“அப்ப எதுக்கு எங்கள மழையில நனைய விட்ட?”

“காய்ச்சக்காரிய இழுத்தாந்துட்டாளே.”

“கேஸ் அடுப்ப அணைக்காம வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டு ராக்காயி திரும்பி லயத்துக்கு ஓடினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் திரும்பினார்கள்.

மலை இறங்கும் என்று சொன்னால் எவரும் நம்பப்போவதில்லை. அது அவர்களுடைய மலை, பிறந்ததிலிருந்து நின்ற இடத்தில் நிற்கிறது. வினோதாவுக்குத் தன் வாயிலிருந்து வந்தது யாருடைய குரல் என்று தெரியவில்லை. திங்கட்கிழமைக் கூட்டங்களில் குறிப்பெடுத்துக் கேட்டுக் கேட்டு உள்ளே ஊறியிருந்த குரலாக இருக்க வேண்டும்.

“இப்ப கீழ போற ஆளு பேரை நான் எழுதிக்கிறேன். நாளைக்குச் செக்ரோல்ல பேரு இருக்காது. வேலையும் இருக்காது. காம்பராவும் இருக்காது. போங்க, பாப்போம்.”

திரும்பிய இரண்டு பேரும் நின்றார்கள். ஒருத்தி, “ஒபிஸ்ல நாலு நாளு ஒக்காந்ததும் தொரைசாணி ஆயிட்டா” என்று கேட்கும்படியாகவே சொன்னாள். ஏசிக்கொண்டே ஏறினார்கள். வினோதாவுக்கு அந்த ஏச்சு தேனாக இருந்தது. ஏசுகிறவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ராக்காயி வரவில்லை.

செல்லசாமி வெற்றிலையைத் துப்பினார். சிரிப்பு போயிருந்தது. “என் வாயாலதான் போனா. நான் கூட்டியாறேன்.”

“தாத்தா, வேணாம்.”

“எனக்கு ஓடர் போடாத” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். அந்த வயதுக்கு அவர் வேகம் அதிகம்தான்.

ராக்காயி அடுப்பை அணைத்துவிட்டு லயத்தின் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையால் ஏறி மேட்டை எட்டிக்கொண்டிருந்தாள். செல்லசாமி முன்பக்கத்தால் அவள் பேரைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார். வினோதா மேட்டிலிருந்து இருவரையும் ஒரே நேரத்தில் பார்த்தாள். கத்தினாள். அவருக்குக் கேட்டிருக்காது. முதலில் ஒரு வாடை வந்தது, வேரைப் பிடுங்கினால் வரும் பச்சை மண் வாடை. அப்புறம் முகட்டிலிருந்த சவுக்கு மரங்கள் நின்றபடியே நகர்ந்து வந்தன. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் ஆட்கள் மாதிரி, விழாமல், நேராக. லயத்தை வந்தடைந்த பிறகுதான் விழுந்தன.

பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பூரணி தாயின் காதைப் பிடித்து இழுத்து, “கஞ்சி” என்றாள்.

சைரன் தன் முறை வந்ததும் ஊதியது. பெரிய தொரையின் மணித்தியாலம் கடைசிச் செக்கன் வரைக்கும் கழிந்த பிறகு, தலையிழந்த மலைக்கு மேலே, எஞ்சியிருந்த கம்பத்திலிருந்து அது கம்பீரமாக ஊதியது. கீழே மண்வெட்டியோடு செல்லசாமியைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பின்னேரம் பெரிய தொரை வந்து சேர்ந்தபோது, பள்ளிக்கூட வாசலில் கேமராக்காரர்கள் அவருக்கு முன்பே வந்திருந்தார்கள். ஒருவன் மைக்கை நீட்டினான். “சேர், ஒங்க ஓடராலதான் இத்தன பேரும் தப்பினதா சொல்றாங்க.”

தொரை வாயைத் திறந்தார். திறந்ததற்கும் பேசியதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. மில்லிசெக்கனில் அளக்கக் கூடியது. வினோதா மட்டும்தான் கவனித்தாள்.

“ஆமா. தூரத்துல இருந்தாலும் நிலைமையக் கவனிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க செக்ரோல்ல இருக்கிற ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.”

செல்லசாமி செக்ரோலில் இல்லை. தொரை சொன்னது சரிதான்.

காரியாலயத்துக்கு அவளை வரச் சொன்னார். பூரணியைச் சண்முகவடிவிடம் விட்டுவிட்டு, யாரோ கொடுத்த காய்ந்த சட்டையோடு வினோதா போனாள். தொரை கதவைச் சாத்தினார்.

“என் பேர்ல ஓடர் போட்டிருக்க.”

“ஆமாங்க சேர்.”

“இன்னொரு தடவ என் பேரச் சொன்னா, அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்.”

“சரிங்க சேர்.”

“நாளைக்கு ஹெட் ஒபிஸ்ல இருந்து வர்றாங்க. சிஸ்டம் நல்லா வேல செஞ்சிருக்குன்னு அவங்களுக்கு ரொம்பச் சந்தோசம். அவங்களையும் வரிசையில சேக்கச் சொல்றாங்க. எனக்கு மேல.”

மேலே, மண் போன இடத்துக்குப் பக்கத்தில், நடுக்கணக்கு லயம் இன்னும் நிற்கிறது. அங்கே ஆட்கள் உலை வைத்துக்கொண்டிருப்பார்கள். வினோதா கணினியைப் போட்டாள். காலையில் அவள் சைபராக்கியதைப் பகலுக்கு முன்பே யாரோ பழையபடி 10m, 20m, 30m, 1h ஆக்கி வைத்திருந்தார்கள். அழுதால் காரியம் கெட்டுவிடும். இந்த மனிதருக்கு எது விளங்குமோ அதைத்தான் பேச வேண்டும்.

“ஒங்களுக்கு எச் இருக்கிறதால அவங்களுக்கு டீ போடணும் சேர். நாள்.”

“சரிதான். டீ போடு.”

“எத்தன நாள்னு போடுறது?”

தொரை யோசித்தார். “அத நாம தீர்மானிக்க ஏலாது. எழுதிக் கேளு.”

“அவங்க ஒரு எண்ணு சொல்றதுக்கு முன்னாடி நாம நம்ம எண்ண வச்சிருந்தா சரியா இருக்குமா சேர்? நீங்க ஒரு மணித்தியாலம் எடுத்துக்கிட்டீங்க. அவங்களக் கேக்காம எடுத்ததா நெனச்சுட்டா?”

தொரையின் முகத்தில், மலை சரிந்தபோது வராத கலக்கம் வந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“அவங்க எண்ணு வர்ற வரைக்கும்?”

“எல்லாரோடதையும் சைபர்ல வச்சிருக்கலாம் சேர். எழுத்து அப்படியே இருக்கும். கணக்கப்பிள்ளைக்கு எம். ஒங்களுக்கு எச்தான். அவங்களுக்கு டீ.”

“எழுத்து மாறக் கூடாது.”

“மாறாது சேர்.”

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடித்தாள். 0m, 0m, 0m, 0h, 0d. தொரை கடைசி இரண்டு எழுத்துகளையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார். எத்தனை நாள் என்று கேட்டு ஹெட் ஒபிஸுக்கு ஒரு கடிதமும் அடித்தாள். அதற்குப் பதிலே வராது. அன்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விசயம் அதுதான்.

தொரை போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. முகட்டுப் பெட்டி வந்து கேட்கும் நேரம் நெருங்கியிருந்தது. கேட்டால் போதும், அடுத்த சரிவுக்கு அது யாருக்காகவும் காத்திருக்காது. திரையின் அடியில் அது கடைசியாகக் கேட்ட நேரம் இருந்தது. மாறவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தாள். நேரம் தாண்டியது. பிறகு ‘தொடர்பு இல்லை’ என்று ஒரு வரி வந்தது.

இர்ஷாத்துக்கு அடித்தாள்.

“பேட்டரி படுத்திருச்சு அக்கா” என்றான். “கம்பமும் சாஞ்சிருக்கலாம். வெயில் வந்தாத்தான் எந்திரிக்கும்.”

வெளியே மழை இன்னும் பலத்தது. வினோதா கணினியை அணைக்காமலே எழுந்தாள். கண்டாக்கையாவின் மேசையில் கிடந்த டோர்ச்சை எடுத்துக்கொண்டாள், எவரையும் கேட்கவில்லை. வெறுங்காலோடு நடுக்கணக்குப் பாதையில் ஏறினாள். வழியில் தேயிலைக்கு நடுவே தரை அடிக்கு அடி வெடித்திருந்தது. முதல் லயத்தின் முதல் கதவுக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினாள். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது, ஒரு கைக்குழந்தை அழுதது. கதவைத் தட்டினாள்.

“யாருங்க, இந்த மழையில?”

“ஒபிஸ்ல இருந்து வந்திருக்கேன். பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க.”

உள்ளே சத்தம் நின்றது. “யாரு சொன்னா?”

வினோதா ஈரக் கதவில் நெற்றியை வைத்தாள்.

“பெரிய தொரை” என்றாள்.